அரைப் பிக்சலின் வரலாறு

இலஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ ஒரு லோகோ கீறுகிறீர்கள் என்று வைப்போம். பெருப்பித்துப் பார்த்தால் ஓரங்கள் பிளேட்டால் வெட்டின மாதிரிக் கூராக இருக்கும். அதையே 32 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜி கோப்பாக வெளியில் எடுத்துப் பார்த்தால் கதை வேறு. ஒரு கோடு கறுப்பு, பக்கத்துக் கோடு சாம்பல், வட்டத்தின் ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு. "வெக்டர் எண்டா எந்தச் சைஸுக்கும் போகும், உடையாது" என்று எங்கள் எல்லாருக்கும் யாரோ ஒருவர் சொல்லித் தந்திருப்பார். பெருப்பிக்கும்வரைக்கும் அது சரி. சிறுப்பிக்கும்போது ஒவ்வொரு கோடும் எந்தப் பிக்சலில் விழவேண்டும் என்று யாராவது முடிவெடுக்கவேண்டி வருகிறது. அந்த முடிவை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், அதில் யாருடைய எழுத்து முன்வரிசையில் நின்றது, யாருடையது பின்வரிசையில் நின்றது என்று தேடிப்போனால் கணினி வரைகலையின் வரலாற்றில் பெரிய துண்டொன்று கையில் வந்துவிடும்.

முதலில் பிரச்சினையைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். கணக்குப் பாடத்துக்கு வாங்குகிற சதுரக்கோட்டுக் கொப்பியை எடுங்கோ. ஒரே ஒரு விதி: ஒரு பெட்டிக்குள் ஒரு நிறம்தான் தீட்டலாம், பெட்டியைப் பாதியாகப் பிரிக்க முடியாது. இனி, ஒரு பெட்டி அகலமான கறுப்புக் கோடொன்றை மேலிருந்து கீழே கீறவேண்டும். கோடு சரியாக ஒரு பெட்டி வரிசைக்குள் விழுந்தால் பிரச்சினையே இல்லை, அந்த வரிசை முழுக்கக் கறுப்பு. அதே கோட்டின் நடு, கொப்பியில் அச்சடித்திருக்கிற கோட்டுக்கு மேலேயே விழுந்தால்? இடப்பக்கப் பெட்டியில் பாதி, வலப்பக்கப் பெட்டியில் பாதி. பெட்டியைப் பிரிக்க முடியாதபடியால் இரண்டையும் அரைக் கறுப்பாக, அதாவது சாம்பலாகத் தீட்டுகிறோம். ஒரு பெட்டி அகலக் கறுப்புக் கோடு இப்போது இரண்டு பெட்டி அகலச் சாம்பல் கோடு.

இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம், வெக்டர் மென்பொருள்கள் எண்ணுவது பெட்டிகளை அல்ல, பெட்டிகளுக்கு இடையில் உள்ள கோடுகளை. 10 என்று ஓர் இடத்தைச் சொன்னால் அது பத்தாவது கோடு. அந்த இடத்தில் 1 பிக்சல் தடிப்பான கோட்டை வைத்தால் தடிப்பு இரு பக்கமும் சமமாகப் பரவும்: 9.5இல் தொடங்கி 10.5இல் முடியும். எஸ்விஜியிலும் இதுதான் விதி. 10.5இல் வைத்தால் 10இலிருந்து 11வரை சுத்தமாக ஒரு பெட்டிக்குள் விழும். 2 பிக்சல் தடிப்பென்றால் 10இலேயே வைக்கலாம், 3 என்றால் மறுபடியும் அரை தள்ளவேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த அரைப் பிக்சலுக்கு அறுபது வருசத்துக்கு மேலாக மனிதர்கள் மினக்கெட்டிருக்கிறார்கள்.

சதுரப் பெட்டி வானத்தில் இருந்து விழவில்லை. 1957இல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டுப் பணியகத்தில் வேலைசெய்த ரசல் கேர்ஷ், தன்னுடைய மூன்று மாதக் குழந்தை வோல்டனின் படத்தை ஒரு கணினிக்குள் ஏற்றினார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி. கணினிக்குள் ஏற்றப்பட்ட முதல் ஒளிப்படம் அது. படத்தைச் சதுரங்களாக வெட்டியது அவர் தேர்ந்தெடுத்த வழி. இயந்திரத்தின் நினைவகம் கொஞ்சமாக இருந்தபோது சதுரம் மிக எளிய தீர்வாக இருந்தது. 'பிக்சல்' என்ற சொல்கூட அப்போது இல்லை. 1965இல் விண்வெளிப் படங்களைப் பற்றி எழுதிய ஃப்ரெட் பிலிங்ஸ்லியின் கட்டுரைகளில்தான் அது அச்சில் வருகிறது.

அதற்கிடையில் இன்னொரு இடத்தில் கோட்டையும் கட்டத்தையும் பொருத்துகிற முதல் நல்ல வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1962இல் ஐபிஎம்மில் வேலைசெய்த ஜாக் பிரெசன்ஹாமிடம் இருந்தது திரை அல்ல, கடதாசியில் பேனையால் கீறுகிற ஒரு இயந்திரம். அந்தப் பேனை ஒரு நேரத்தில் ஒரு சிறு படிதான் நகரும், அதுவும் எட்டுத் திசைகளில் மட்டும். சாய்வான கோட்டைக் கீற என்ன செய்வது? ஒவ்வொரு படியிலும் உண்மையான கோட்டுக்கு எந்தப் புள்ளி மிகக் கிட்ட இருக்கிறதோ அதற்குப் போ என்று பிரெசன்ஹாம் சொன்னார். அழகு என்னவென்றால், அதற்குப் பின்னக் கணக்கே தேவையில்லை. முழு எண்களைக் கூட்டி, கழித்து, ஒப்பிட்டாலே போதும். 1965இல் அதை வெளியிட்டார். திரைகள் வந்தபிறகு அதே முறை திரைக்கும் வந்தது. கணினி வரைகலை படிக்கிற நண்பர்கள் இப்பவும் சோதனைக்கு அதைத்தான் பாடமாக்குகிறார்கள்.

வளைவுகளின் கதை கார்த் தொழிற்சாலையில் தொடங்குகிறது. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தில் போல் து கஸ்தல்ஜோ 1959இலேயே ஒரு முறையைக் கண்டுபிடித்தார், நிறுவனம் அதை இரகசியமாக வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே 1960களில் தனியாக அதே வளைவுகளுக்கு வந்து சேர்ந்து வெளியில் சொன்னார். பெயர் அவருக்குப் போய்விட்டது. இன்றைக்குப் பேனைக் கருவியில் இரண்டு கைப்பிடிகளை இழுத்து நாங்கள் வளைக்கிற வளைவு, கார் உடலின் தகட்டை வளைப்பதற்காகப் பிறந்தது. தகட்டில் பிக்சல் இல்லை. அந்த வளைவுக்குக் கட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இந்த இரண்டும் சந்திக்காமல் கொஞ்சக் காலம் தப்பித்திருந்தன. 1979இல் வந்த அட்டாரியின் 'அஸ்டரொய்ட்ஸ்' விளையாட்டில் மின்கதிர் நேரடியாகக் கோடுகளைக் கீறியது, பெட்டிகளே இல்லை. ஆனால் நினைவகம் மலிய மலியப் பெட்டித் திரைகள்தான் வென்றன. பெட்டித் திரையில் சாய்வுக் கோடு படிக்கட்டு மாதிரித் தெரிந்தது. 1977இல் ஃபிராங்க் குரோ என்பவர் அதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். உருவம் பெட்டியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதோ அந்த அளவுக்கு நிறத்தைக் கலக்கலாம் என்பது இந்த வழியின் அடிப்படை. சாய்வுக் கோடுகளுக்கும் வட்டங்களுக்கும் இது வரப்பிரசாதம். நேர்க்கோடுகளுக்கோ? எங்கள் சாம்பல் கோட்டின் பிறப்பிடம் இதுதான்.

அப்பிள் நிறுவனத்தின் முதல் மக்கின்டொஷ் இதற்குள் போகவே இல்லை. 1984 ஜனவரியில் வந்த அந்தக் கணினியின் திரை 512க்கு 342 பிக்சல், கறுப்பும் வெள்ளையும் மட்டும். சாம்பலே கிடையாது. அதன் ஐகன்களைச் செய்த சூசன் கேர் 1983இல் வேலைக்குச் சேர்ந்தார். பாடசாலை நண்பரான அண்டி ஹேர்ட்ஸ்ஃபெல்ட் சொன்ன யோசனைப்படி சதுரக்கோட்டுக் கொப்பியொன்றை வாங்கி, 32க்கு 32 பெட்டிக்குள் குப்பைக்கூடை, தூரிகை, சிரிக்கிற கணினி என்று பெட்டி பெட்டியாகத் தீட்டினார். அவர் ஒரு வளைவைச் சிறுப்பித்து ஐகன் செய்யவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் கறுப்பா வெள்ளையா என்று ஒரு மனிதக் கண் முடிவெடுத்தது. அந்த ஐகன்கள் இன்றைக்கும் கூராகத் தெரிவதற்கு இதைவிட வேறு இரகசியம் இல்லை. பழைய விண்டோஸ் ஐகன் கோப்புகளும் இதே வழிதான்: ஒரே கோப்புக்குள் 16க்கு ஒரு படம், 32க்கு ஒரு படம் என்று தனித்தனியே கீறி அடுக்கியிருப்பார்கள்.

ஆனால் எழுத்துருவுக்கு இது சரிவராது. ஒரு எழுத்துருவை 9, 10, 12, 14, 18, 24 என்று எத்தனை அளவுக்குக் கையால் தீட்டுவது? 1982 டிசம்பரில் ஜோன் வார்னொக்கும் சார்ல்ஸ் கெஷ்கியும் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் பதில் போஸ்ட்ஸ்கிரிப்ட். எழுத்தைப் பெசியே வளைவாகவே வைத்திரு, அச்சிடும் நேரத்தில் பெட்டியாக்கு. 1985இல் அப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அதோடு வந்தது, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. 300 என்றால் நிறைய மாதிரித் தெரியும். கணக்குப் பாருங்கோ: 10 புள்ளி அளவுள்ள எழுத்தின் மொத்த உயரத்துக்கு ஏறக்குறைய 42 பெட்டிதான் கிடைக்கும். அதில் ஆங்கிலச் சின்ன எழுத்து 'எச்'சின் தண்டு மூன்றரைப் பெட்டி அகலம் என்றால், விழும் இடத்தைப் பொறுத்து இடது தண்டு 3 பெட்டியாகவும் வலது தண்டு 4 பெட்டியாகவும் வரும். ஒரே எழுத்தின் இரண்டு கால்களில் ஒன்று மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு தடிப்பு! ஒரு பக்கம் முழுக்க இப்படியென்றால் பெருக்கல் குறியும் புள்ளியும் போட்டுப் பழகிய பிள்ளையின் கொப்பி மாதிரித்தான் இருக்கும்.

அடோபியின் தந்திரம் என்னவென்றால், பெட்டியாக்குவதற்கு முன்னால் வளைவையே கொஞ்சம் வளைத்துவிடுவது. எழுத்துருக் கோப்புக்குள் குறிப்புகள் இருக்கும்: இது தண்டு, இதுவும் தண்டு, இரண்டையும் ஒரே அகலமாக்கு. இந்த எழுத்துகள் எல்லாம் ஒரே அடிக்கோட்டில் இருக்கவேண்டும், வட்ட எழுத்துகள் கீழே கொஞ்சம் வழிவதைச் சிறிய அளவில் மறந்துவிடு. அதாவது கணிதரீதியாகச் சரியான வடிவத்தை வேண்டுமென்றே பிழையாக்கினால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது. இந்தக் குறிப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அடோபி வெளியில் சொல்லவில்லை. எழுத்துருக் கோப்புகளையே மறைகுறியாக்கித்தான் விற்றது.

இரகசியம் என்றால் சண்டை வரும். 1989 செப்டெம்பரில் ஒரு அச்சுத்துறை மாநாட்டில் அப்பிளும் மைக்ரோசொஃப்ட்டும் ஒரே மேடையில் ஏறி, அடோபி இல்லாமலே புது எழுத்துருத் தொழில்நுட்பம் கொண்டுவரப் போகிறோம் என்று அறிவித்தன. அடுத்துப் பேசிய வார்னொக் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். சில மாதங்களில், 1990இல், அடோபி தன்னுடைய இரகசியத்தைப் புத்தகமாகவே வெளியிட்டது. 1991இல் அப்பிளின் ட்ரூடைப் வந்தது, 1992இல் விண்டோஸ் 3.1 அதை எடுத்துக்கொண்டது. அப்பிளில் அதை உருவாக்கிய சாம்போ காசிலா, அடோபியைவிட ஒரு படி மேலே போனார். அடோபியில் எழுத்துக்குள் இருந்தது குறிப்பு, ட்ரூடைப்பில் இருப்பது ஒரு முழு நிரல்மொழி. வளைவின் எந்தப் புள்ளியையும் எங்கேயும் நகர்த்தலாம். '13 பிக்சல் அளவில் மட்டும் இந்தப் புள்ளியை ஒரு பெட்டி மேலே தள்ளு, மற்ற அளவுகளில் தொடாதே' என்றுகூட எழுதலாம். ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும், ஒரு ஆள் இருந்து பார்த்து எழுதவேண்டும். சூசன் கேரின் கொப்பி வேலை திரும்பவும் வந்துவிட்டது, இந்தமுறை நிரல் வடிவில்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மத்தியூ கார்ட்டர். 1996இல் மைக்ரோசொஃப்டுக்காக 'வேர்டானா' என்ற எழுத்துருவைச் செய்தபோது வேலையைத் தலைகீழாக்கினார். முதலில் பிக்சல் பெட்டிகளில் எழுத்தை முடித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டிகளைச் சுற்றி வளைவுகளை வரைந்தார். பிறகு டொம் ரிக்னர் அந்த வளைவுகள் சிறிய அளவில் திரும்ப அதே பெட்டிகளில் வந்து விழும்படி நிரல் எழுதினார். கார்ட்டர் இப்படி யோசித்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் 1950களில் இளைஞனாக நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் உள்ள என்ஸ்கெடே அச்சகத்தில் உருக்குத் துண்டில் கையால் எழுத்து வெட்டப் பழகியவர். அந்தக் காலத்து உலோக எழுத்தில் 'ஒரு வடிவம், எல்லா அளவுக்கும்' என்ற கதையே இல்லை. ஒவ்வொரு அளவும் தனியாக வெட்டப்பட்டது. சிறிய அளவுக்குக் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்குவார்கள், உள் இடைவெளியை அகலமாக்குவார்கள். 1880களில் லின் பொய்ட் பென்டனின் எழுத்து வெட்டும் இயந்திரம் வந்தபிறகுதான் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பல அளவு வெட்ட முடிந்தது.

தமிழுக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்தன, கடதாசியோ குறைவு. புதிய ஏற்பாட்டை முடிக்கவேண்டும் என்பதற்காக அங்கேயே சிறிய தமிழ் எழுத்துகளை மறுபடி வெட்டி வார்த்தார்கள். ஈயத்துக்கு வழியில்லாமல் சீஸ் பெட்டிகளின் மூடியை உருக்கினார்கள் என்று ஒரு செய்தியும் உண்டு. 1715இல் வேலை முடிந்தது. முந்நூறு வருசத்துக்கு முதலே, சின்னத் தமிழுக்குப் பெரிய தமிழைச் சுருக்கினால் போதாது, தனியாக வெட்டவேண்டும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

திரைக்கு வந்தபோது அது மறந்துபோனது என்று சொல்லலாமா? 1992இல் விண்டோஸ் 3.1ஓடு வந்த ஏரியலும் டைம்ஸ் நியூ ரோமனும் கையால் எழுதிய நிரலோடு வந்தவை. விண்டோஸோடு 'லதா' என்ற தமிழ் எழுத்துரு வந்தது விண்டோஸ் 2000இல். இடையில் எங்கள் ஆட்கள் தாங்களே எழுத்துரு செய்து சமாளித்தார்கள். 'பாமினி'யை நினைத்துப் பாருங்கோ, இலங்கையில் எத்தனை கல்யாணக் காட்டும் நினைவு மலரும் அதில் அடிக்கப்பட்டிருக்கும். அச்சுக்கு அது போதும். திரையில் 12 பிக்சலில் வாசிப்பதற்கு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நிரல் எழுதுவது முழுநேர வேலை. தமிழில் உகர ஊகார வரிசையில் மட்டும் 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 தனி வடிவங்கள். தனியாளாக எழுத்துரு செய்கிறவருக்கு அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அதோடு, தண்டு, அடிக்கோடு என்ற அடோபியின் குறிப்புகள் எல்லாம் இலத்தீன் எழுத்தைப் பார்த்துப் பிறந்தவை. தமிழின் சிக்கல் சுழியில் இருக்கிறது. றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் வித்தியாசம் ஒரு சுழி. ஒரு சுழி திரையில் சுழியாகத் தெரிய ஆகக் குறைந்தது மூன்று பெட்டி வேண்டும்: இரண்டு சுவர், நடுவில் ஓட்டை. கோடு அரைப் பெட்டி நகர்ந்து ஓட்டைக்குள் சாம்பல் நிறைந்தால் சுழி ஒரு கறுப்பு உருண்டை. புள்ளி இன்னும் மோசம். 1 பிக்சல் அளவான புள்ளி நாலு பெட்டிகள் சந்திக்கிற மூலையில் விழுந்தால், நாலு பெட்டியிலும் கால்வாசிச் சாம்பல்தான் தெரியும். வெள்ளைப் பின்னணியில் அது இருந்தும் இல்லாத மாதிரி. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், வாசிக்கிறவர் இடம் பார்த்து விளங்கிக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனால் மருந்துக் குறிப்பையும் ஊடரங்கு அறிவித்தலையும் இடம் பார்த்து விளங்கிக்கொள்ளச் சொல்ல முடியாது.

இதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. மைக்ரோசொஃப்ட் பெட்டிக்கு முதலிடம் கொடுத்தது: வடிவம் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, கோடு கூராக இருக்கட்டும். 1998இல் அறிவித்த கிளியர்டைப், ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே பயன்படுத்தி அந்தக் கூர்மையைக் கூட்டியது. அப்பிளின் மக் ஓஎஸ் எக்ஸ் வடிவத்துக்கு முதலிடம் கொடுத்தது: வடிவமைப்பாளர் வரைந்தது வரைந்தபடி இருக்கட்டும், மங்கினால் மங்கட்டும். 2007இல் அப்பிள் தன்னுடைய சஃபாரி உலாவியை விண்டோஸுக்குக் கொண்டுவந்தபோது, ஒரே திரையில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த ஆட்கள் நல்லாகச் சண்டை பிடித்தார்கள். தலைப்புக்கு அப்பிள் முறை, வாசிக்கிற சின்ன எழுத்துக்கு மைக்ரோசொஃப்ட் முறை என்பது என் கட்சி. கட்டற்ற மென்பொருள் பக்கத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. ட்ரூடைப் நிரலை இயக்குவதற்கு அப்பிளிடம் காப்புரிமை இருந்தது. அதனால் ஃப்ரீடைப் மென்பொருள் அந்த வசதியை அணைத்தே வைத்திருந்தது, லினக்ஸில் எழுத்துருவுக்குள் இருக்கிற உழைப்பு இருந்தும் பயன்படாமல் கிடந்தது.

படம் கீறும் மென்பொருள்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. 1987இல் வந்த இலஸ்ட்ரேட்டர் அச்சுக்காகப் பிறந்தது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகள் இருக்கும்போது அரைப் புள்ளிக்கு யார் கவலைப்படுவார்? இணையம் வந்தபிறகுதான் அடி விழுந்தது. 1998இல் மக்ரோமீடியா கொண்டுவந்த ஃபயர்வேர்க்ஸ், வெக்டராகக் கீறி பிக்சலாகப் பார்க்கிற வசதியோடு திரைக்கென்றே செய்யப்பட்டது. கன பேருக்கு அது செல்லப்பிள்ளை. மக்ரோமீடியாவை வாங்கிய அடோபி 2013இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. 2005இல் தொடங்கிய டாங்கோ திட்டத்தின் ஐகன்காரர்கள் இங்க்ஸ்கேப்பை வைத்துக்கொண்டு வேறு வழி போனார்கள்: வெக்டர்தான், ஆனால் 16, 22, 32 என்று ஒவ்வொரு அளவுக்கும் தனிப்படம், ஒவ்வொன்றிலும் கோடுகள் கட்டத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். கொடுத்துவிட்டுப் போனது இலவசமாக.

2010 ஒரு விசித்திரமான வருசம். அந்த வருசம் இலஸ்ட்ரேட்டர் சிஎஸ்5இல் உருவங்களைப் பிக்சல் கட்டத்தோடு தானாகப் பொருத்துகிற வசதி வந்தது. கூடவே புதுத் தலையிடியும் வந்தது: அந்த வசதி போட்டிருப்பது தெரியாமல் சின்ன உருவங்களை ஒட்டினால் அவை கோணலாகிவிடும். இயந்திரத்துக்குத் தண்டு எது, அலங்காரம் எது என்று தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுக்கும். அதே வருசம் மே மாதத்தில் ட்ரூடைப் காப்புரிமை முடிந்தது, ஃப்ரீடைப் அந்த வசதியைத் திறந்துவிட்டது. யூன் மாதத்தில் ஐஃபோன் 4 வந்தது, ஓர் அங்குலத்துக்கு 326 பிக்சல். பழைய ஒரு பெட்டி இருந்த இடத்தில் இப்போது நாலு பெட்டி. பிக்சலையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டோம் என்பதுதான் விளம்பரம். அதே வருசம்தான் ரசல் கேர்ஷ், எண்பதைத் தாண்டிய வயதில், சதுரப் பிக்சலைத் தேர்ந்ததற்கு வருத்தம் தெரிவித்து, சதுரமில்லாத பிக்சல்களால் படம் செய்கிற தன் புது முறையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகனின் படம் 53 வருசத்துக்குப் பிறகும் சதுரம் சதுரமாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் பிரச்சினை முடிந்ததா? 2014இல் அப்பிளே அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஐஃபோன் 6 பிளஸ் எல்லாவற்றையும் முதலில் 1242க்கு 2208 பிக்சலில் கீறி, பிறகு 1080க்கு 1920 உள்ள உண்மையான திரைக்குச் சுருக்கிக் காட்டியது. வடிவமைப்பாளர் எவ்வளவு கவனமாக 1 பிக்சல் கோட்டைக் கட்டத்தில் இருத்தினாலும் சுருங்கும்போது அது கட்டத்தை விட்டு நழுவும். பெட்டிகள் சின்னதாக இருந்தபடியால் கன பேர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அண்ட்ரொய்ட் பக்கத்தில் ஒன்றரை மடங்கு அடர்த்தித் திரைகள் இருந்தன, அங்கே 1 பிக்சல் கோடு 1.5 ஆகும். விண்டோஸ் மடிக்கணினிகளில் 125 வீதம் என்று ஒரு தெரிவு இருக்கிறதே, அங்கேயும் இதே கணக்கு. ஒன்றேகால் பெட்டிக் கோட்டை எப்படி வைத்தாலும் ஒரு ஓரம் சாம்பல்தான்.

நாங்கள் கம்பஸில் பாவிக்கிற மடிக்கணினிகளில் இன்னும் 1366க்கு 768 திரைகள் இருக்கின்றன. உலாவியின் தாவலில் வருகிற ஐகன் இன்னும் 16 பிக்சல். ஒரு அமைப்புக்கோ சஞ்சிகைக்கோ லோகோ செய்து தரக் கேட்டால் பெரிய படத்தை முடித்துவிட்டுக் கடைசியில் சுருக்குவதுதான் எல்லாருடைய பழக்கம். கார்ட்டர் செய்த மாதிரி 16ஐ முதலில் கீறிப் பார்க்கலாம். அந்த அளவில் எந்தக் கோடு நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்தபிறகு பெரியதைக் கீறினால் இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கும். லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால், வெளியில் எடுப்பதற்கு முன்னம் இலஸ்ட்ரேட்டரில் பிக்சல் முன்னோட்டத்தைப் போட்டுவிட்டு முதலில் புள்ளியைத் தேடுங்கோ. அது நாலு பெட்டிக்கு நடுவில் நின்றால் எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி, புள்ளியை மட்டும் பிடித்து அரைப் பிக்சல் மேலேயும் அரைப் பிக்சல் பக்கவாட்டிலும் தள்ளிவிடுங்கோ. சுழிகளைப் பிறகு பார்க்கலாம்.